வெள்ளை மாளிகையும் வீட்டு வாசலும்

தொலைவில் எரியும் விளக்கை வியந்து நோக்குவோர் தம் காலடியில் கிடக்கும் இருளைக் காண்பதில்லை. மலேசியத் தமிழரின் அரசியல் வாசிப்புக்கு நேர்ந்துள்ள நிலை இதுவே. அமெரிக்க அதிபர் யார், அவரை எதிர்த்து நின்றவர் யார், எந்த மாநிலத்தில் யாருக்கு எத்தனை தேர்வாளர் வாக்குகள் கிடைத்தன என்பனவற்றையெல்லாம் தமிழ் வாசகர் விரல் நுனியில் வைத்திருக்கிறார். ஆனால், தம் வீட்டின் முன் ஓடும் கால்வாயைத் துப்புரவு செய்யும் பொறுப்புடைய மன்றத்தில் அமர்ந்திருப்போர் யார், அவர்களை அங்கே அமர்த்தியவர் யார் என்று வினவினால் வாய் திறவார். இதைச் சிறு குறை என்று ஒதுக்கிவிட இயலாது. ஒரு சமுதாயம் எதைப் படிக்கிறது, எதைப் படிக்காமல் விடுகிறது என்பதைப் பொறுத்தே அது எதைக் கேட்டுப் பெறும், எதை இழந்த பின்னும் உணராதிருக்கும் என்பது அமைகிறது.

பினாங்குத் தீவின் மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால் அமைந்த ஊர் பாலிக் புலாவ். 'தீவின் மறுபுறம்' என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் குன்றுகள், அவற்றின் அடியில் நெல்வயல்கள், அதற்கும் அப்பால் மீனவர் குடியிருப்புகள் என்று விரியும் இவ்வூர், தீவின் தென்மேற்கு மாவட்டத்திற்குத் தலைமையிடம். ஜார்ஜ்டவுன் மாநகரின் ஆரவாரம் மலையைத் தாண்டி இங்கு வருவது குறைவு. ஆனால், வாஷிங்டனின் ஆரவாரம் கடல்களைத் தாண்டி வந்துவிடுகிறது. காலைக் காப்பியோடு செய்தித்தாளை விரிக்கும் முதியவரும், கைப்பேசித் திரையைத் தடவும் இளைஞரும் அமெரிக்கத் தேர்தலைப் பற்றித் தீர்ப்பு வழங்காத நாள் அரிது. அதே காப்பிக்கடையின் எதிரே சாலையோரம் தேங்கி நிற்கும் நீரைப் பற்றி அவர்கள் கூறும் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதான்: "யாரிடம் சொல்வது?"

அந்த ஒரு வினாவில் ஓர் அரசியல் வரலாறே அடங்கியிருக்கிறது. அதை அறியாமல் கேட்கிறார்கள் என்பதே வருந்தத்தக்கது.

ஓராண்டின் கணக்கு

2024ஆம் ஆண்டை ஒரு கணக்குப் புத்தகமாக விரித்துப் பார்க்கலாம். அவ்வாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கட்சிகளின் உட்தேர்தல்கள். ஜூலை 13ஆம் நாள் பென்சில்வேனியாவில் டோனல்டு டிரம்ப்மீது துப்பாக்கிச் சூடு. ஜூலை 21ஆம் நாள் அதிபர் ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். அடுத்து, துணை அதிபர் கமலா ஹாரிஸ் வேட்பாளர் ஆனார். நவம்பர் 5ஆம் நாள் வாக்களிப்பு. முடிவில் டிரம்புக்கு 312 தேர்வாளர் வாக்குகள், ஹாரிசுக்கு 226. இவை அனைத்தும் தமிழ் வாசகரின் நினைவில் பசுமரத்தாணி போல் பதிந்துள்ளன. பத்து மாத காலம் ஒரு நெடுந்தொடரைக் கண்டவர் அதன் கதையை மறப்பாரோ?

அவ்வாண்டு முழுவதும் படிக்கப்பட்டது அளவில் சிறிதன்று. பக்கம் பக்கமாகச் செய்திகள், கருத்துரைகள், ஆரூடங்கள். இவ்வளவையும் படித்தவருக்கு அந்நாட்டில் பள்ளிகளின் நிர்வாகக் குழுவை ஊர்மக்களே பெரும்பாலும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தெரியுமா? மாவட்டக் காவல் தலைவராகிய ஷெரிஃப் வாக்குச்சீட்டில் நின்று வென்று வருபவர் என்பது தெரியுமா? அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட வழக்கறிஞரும் பல இடங்களில் அவ்வாறே வருகிறார் என்பது தெரியுமா? அரியணைக்கு நடக்கும் போரைப் படித்தவர்கள் அந்த அரியணை எந்தப் படிகளின்மேல் அமைந்துள்ளது என்பதைப் படிக்கவில்லை. அவர்கள் படித்தது அரசியலைப் பற்றிய கூத்து. அரசியல் என்னும் கல்வி அவர்கள் கைக்கு வரவேயில்லை.

கமலா ஹாரிசின் கதையே இதற்குத் தக்க சான்று. அவருடைய தாயார் சியாமளா கோபாலன் இந்தியாவிலிருந்து உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றவர். தாய்வழிப் பாட்டனார் பி. வி. கோபாலனின் பூர்வீக ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2021 ஜனவரியில் ஹாரிஸ் துணை அதிபராகப் பதவியேற்றபோது அச்சிற்றூரில் வெடி வெடித்தது. வாழ்த்துப் பதாகைகள் எழுந்தன. 2024இல் அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது அவ்வூர்க் கோயிலில் வழிபாடுகள் நடந்தன. தமிழ் இதழ்கள் அதைப் படமாகவும் செய்தியாகவும் வெளியிட்டு மகிழ்ந்தன. மகிழ்ச்சி குற்றமன்று. ஒரு தமிழ்த்தாயின் மகள் அவ்வளவு உயரம் சென்றதில் பெருமிதம் கொள்வது இயல்பே.

ஆனால், அவர் எந்த ஏணியில் ஏறினார் என்று எத்தனை பேர் வினவினார்கள்? 2003ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகர வாக்காளர்கள் அவரை மாவட்ட வழக்கறிஞராகத் தேர்ந்தெடுத்தனர். மக்கள் முன் நின்று வாக்குக் கேட்டு அவர் பெற்ற முதல் பதவி அதுவே. அதன் பிறகே 2010இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் தேர்தல், 2016இல் செனட், 2020இல் துணை அதிபர் பதவி. ஆக, ஏணியின் முதற்படி ஒரு நகரத்து மக்களின் வாக்கு. குலத்தைக் கொண்டாடியவர்கள் ஏணியைக் கவனிக்கவில்லை. அந்த முதற்படி பினாங்கில் ஒருகாலத்தில் இருந்தது, பின்னர் அகற்றப்பட்டது என்பதையும் அவர்கள் கவனிக்கவில்லை.

அமெரிக்க அரசியலே வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. பாலிக் புலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழியே மலையேறி இறங்கிப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோர் உண்டு. அங்கே 1972இல் இன்டெல் நிறுவனம் தன் தொழிற்சாலையைத் தொடங்கிய நாள் முதல் பினாங்குத் தொழிலாளியின் சம்பளத்திற்கும் அமெரிக்கச் சந்தைக்கும் தொடர்பு உண்டு. 2025 ஏப்ரலில் மலேசியப் பொருள்களுக்கு 24 விழுக்காடு வரி என்று வாஷிங்டன் அறிவித்தபோது அத்தொழிற்பேட்டையில் எழுந்த கவலை கற்பனையன்று. அந்நாட்டை அறிந்தே ஆகவேண்டும். எனினும், அங்கே தமிழ் வாசகருக்கு வாக்கில்லை. வாக்கில்லாத இடத்தை வாய் ஓயாமல் பேசி, வாக்கிருந்த இடம் பறிபோனதை மறந்திருப்பதுதான் கண்டனத்துக்குரியது.

அமெரிக்காவிடம் கற்க வேண்டியது

1831இல் அலெக்சி டி டோக்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் அமெரிக்காவுக்குச் சென்று ஏறத்தாழ ஒன்பது மாதம் சுற்றினார். அவர் எழுதிய 'அமெரிக்காவில் மக்களாட்சி' என்னும் நூல் 1835இலும் 1840இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. அதிபரின் மாளிகையைக் கண்டு மயங்கி அவர் அந்நூலை எழுதவில்லை. சிற்றூர்களில் மக்கள் கூடிச் சாலைக்கும் பள்ளிக்கும் ஏழைகளின் பராமரிப்புக்கும் தாமே பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்ததைக் கண்டார். அதில்தான் அந்நாட்டின் வலிமை இருக்கிறது என்று கணித்தார். உள்ளூர் மன்றத்தை அவர் மக்களாட்சியின் பள்ளிக்கூடமாகக் கண்டார். எழுத்தறியாத பிள்ளையை எடுத்த எடுப்பில் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பவர் எவரும் இலர். ஊர் மன்றத்தில் பயிலாத மக்களிடம் நாடாளுமன்ற ஞானத்தை எதிர்பார்ப்பதும் அத்தகையதே.

இதனினும் ஆழமான பாடத்தைக் கற்பித்தவர் ஓர் ஆசிரியை. தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த செப்டிமா கிளார்க் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பியம் வகித்தார். அதைக் கைவிட மறுத்ததற்காக 1956இல் ஆசிரியப் பணியை இழந்தார். அம்மாநிலத்தில் வாக்காளராகப் பதிய விரும்பும் கறுப்பின மக்கள் அரசமைப்புச் சட்டத்தின் பகுதியைப் படித்துக் காட்டவேண்டும் என்று அதிகாரிகள் கேட்டனர். தலைமுறை தலைமுறையாகப் பள்ளியை மறுத்துவிட்டு, படிக்கத் தெரியாது என்று சொல்லி வாக்கையும் மறுத்த சூது அது. அந்தச் சூதை எதிர்த்து, 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜான்ஸ் தீவில் முதியோருக்கான குடிமைப் பள்ளி தொடங்கியது. வெளியார் ஐயுறாதபடி முன்புறம் மளிகைக்கடை, பின்புறம் வகுப்பறை. வயலிலும் பிறர் வீட்டிலும் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் வந்து தம் பெயரை எழுதக் கற்றார்கள், படிவம் நிரப்பக் கற்றார்கள், சட்டத்தைப் படிக்கக் கற்றார்கள், வாக்காளராகப் பதிந்தார்கள். அப்பள்ளி பிறகு தென்மாநிலங்கள் எங்கும் பரவியது.

படிப்பு எதற்கு என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெங்கே கிடைக்கும்? அவர்கள் படித்தது பொழுதுபோக்குக்காகவோ பிறரிடம் புலமை காட்டுவதற்காகவோ அன்று. தம் ஊரை ஆள்பவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகப் படித்தார்கள். தமிழர் வாசிப்பில் இந்த ஆசிரியையின் பெயர் எத்தனை முறை அடிபட்டிருக்கிறது? அதிபர் வேட்பாளரின் மேடைப் பேச்சுக்குக் கிடைத்த இடத்தில் நூற்றில் ஒரு பங்காவது இவருக்குக் கிடைத்ததா?

1965 மார்ச்

இனி, நாட்காட்டியில் ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 1965 மார்ச் 7ஆம் நாள் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டுப் பாலத்தின்மேல் அணிவகுத்துச் சென்றார்கள். காவலர் தடிகொண்டு அடித்தனர். கண்ணீர்ப் புகை வீசினர். உலகம் அதைக் கண்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதன் பயனாய்ப் புதிதாகப் பதிந்த வாக்காளர்கள் 1966இல் செய்த முதற்செயல்களுள் ஒன்று, செல்மாவில் தம்மை அடித்து விரட்டிய ஷெரிஃப் ஜிம் கிளார்க்கை உட்தேர்தலில் வீழ்த்தியது. அதிபரை மாற்ற அவர்கள் காத்திருக்கவில்லை. தம் தெருவில் தடியோடு நின்றவரை முதலில் மாற்றினார்கள்.

செல்மாப் பாலத்தில் இரத்தம் சிந்துவதற்கு ஆறு நாள் முன்னர், 1965 மார்ச் 1ஆம் நாள், மலேசியாவில் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. இந்தோனேசியாவின் எதிர்ப்பு நடவடிக்கை காரணம் காட்டப்பட்டது. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று நாடாளுமன்றத்தில் உறுதி கூறப்பட்டது. எதிர்ப்பு 1966இல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

ஒரே மாதத்தில் அங்கே ஒரு மக்கள் உள்ளூர் வாக்குக்காக அடிபட்டார்கள். இங்கே ஒரு நாட்டில் உள்ளூர் வாக்கு ஓர் ஆணையால் நின்றது. செல்மாவைப் பற்றிப் பேசக்கூடிய தமிழ் வாசகர்களுள் எத்தனை பேர் இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததுண்டு?

இழந்தது இன்னது என்று அறியவேண்டும். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்துக்கு நடந்த தேர்தல், விடுதலைக்கு முன்னரே மலாயா மக்கள் வாக்குச்சீட்டைக் கையில் ஏந்திய தொடக்கத் தேர்தல். 1957 ஜனவரி 1ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகர் ஆயிற்று. அந்த மாநகரின் முதல் மேயர் என்று வரலாறு குறிக்கும் டி. எஸ். இராமநாதன் தொழிற்கட்சியைச் சேர்ந்தவர், தமிழர். ஸ்காட் சாலை இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த மாநகரில், வாக்குப்பெட்டியின் வழியே வந்த மன்றத்தின் தலைமையில் ஒரு தமிழர் அமர்ந்தார். அச்சாலை வழியே நாள்தோறும் செல்லும் தமிழருக்கு அப்பெயர் ஒரு முகவரி, அவ்வளவே. துளசேந்திரபுரத்தின் பதாகையை அறிந்தவர், பினாங்குத் தெருப் பலகையைப் படிக்கவில்லை.

இன்னொரு தமிழரையும் நினைவூட்டவேண்டும். மேற்கு மலேசிய உள்ளூராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் ஊர் ஊராகச் சான்று கேட்டது. மன்றங்களின் குறைகளையும் ஆராய்ந்தது. முடிவில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூராட்சி தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. 1971இல் அறிக்கை வெளியாயிற்று. ஆனால், 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் அப்பரிந்துரையைப் புறந்தள்ளித் தேர்தல் முறைக்கே முற்றுப்புள்ளி வைத்தது. அது முதல் மன்ற உறுப்பினரை நியமிப்பது மாநில அரசு. 2012இல் பினாங்கு சட்டமன்றம் உள்ளூராட்சித் தேர்தலை மீட்கச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சியை ஏற்கவில்லை.

பாலிக் புலாவ் அன்று ஜார்ஜ்டவுன் மாநகருக்கு வெளியே, தீவின் கிராமப்புற மன்றத்தின் கீழ் இருந்தது. 1970களில் தீவு முழுவதும் ஒரே மன்றத்தின்கீழ் வந்தது. 2015இல் அது மாநகர் மன்றம் என்னும் தகுதி பெற்றது. தகுதி உயர்ந்தது, வாக்கு வரவில்லை. மலையின் மறுபுறத்து வீட்டுக்காரரும் மதிப்பீட்டு வரியை ஆண்டுக்கு இருமுறை செலுத்துகிறார். அவ்வரியைச் செலவிடுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவருக்கில்லை. பிரதிநிதியின்றி வரி கூடாது என்று எழுந்த அமெரிக்கக் குடியேற்ற மக்களின் கிளர்ச்சியையும், 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டதையும் வரலாற்றுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவர்கள் தமிழரிடையே ஏராளம். அப்பாடத்தைத் தம் வரிச்சீட்டின் அருகே வைத்துப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

மேடைப் பெருமையும் மறந்த கடமையும்

தமிழ் மேடைகளில் உத்திரமேரூர் முழங்காத நாளில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்று விதித்தனர். அந்தச் சபை அந்தணர் ஊர்ச் சபை. எல்லா மக்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. எனினும், கணக்குக் கேட்கும் அறிவு ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே இருந்தது என்பது பெருமையே. அந்தப் பெருமையை முழங்கிவிட்டு மேடையைவிட்டு இறங்குபவர், தம் ஊர் மன்றத்தில் தமக்கு ஓர் ஓலைகூட இல்லை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டாமா?

தமிழகத்துத் தலைவர்கள் எங்கே பயின்றார்கள் என்பதையும் மறந்துவிட்டனர். இராஜாஜி சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். பெரியார் ஈரோடு நகராட்சியின் தலைவராக இருந்தவர். கொள்கையில் இரு துருவமாக நின்ற அவ்விருவரும் குடிநீரும் குப்பையும் சாலையும் என்னும் ஒரே பள்ளியில் பாடம் கேட்டவர்கள். அப்பள்ளியை மூடிவிட்டு, தலைவர்கள் உருவாகவில்லையே என்று மலேசியத் தமிழர் புலம்புவதில் பொருளில்லை.

மறுப்புக்கு மறுப்பு

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் கூறப்படும். முதலாவது: "நியமன முறையில் தமிழருக்கு ஓரிரு நாற்காலியாவது உறுதி, தேர்தல் வந்தால் பினாங்கில் பத்தில் ஒருவராய் இருக்கும் இந்தியர் ஒருவரையும் வெல்லச் செய்ய முடியாது." இது அச்சத்தின் குரல், அதில் நியாயமும் சிறிது உண்டு. ஆனால், நியமிக்கப்பட்டவரின் நாற்காலி யாருடையது? நியமித்தவருடையது. கட்சி அளித்ததைக் கட்சி பறிக்கலாம். பதவி போய்விடுமோ என்னும் கவலையோடு அமர்ந்திருப்பவர், ஊராருக்காக எழுந்து பேசுவது எளிதன்று. மேலும், இராமநாதன் மேயரானபோது தமிழர் ஜார்ஜ்டவுனில் பெரும்பான்மையினரா? பிற இனத்தவரின் வாக்கும் நம்பிக்கையும் பெற்றே அவர் வந்தார். பிறர் நம்பிக்கையைப் பெற முயலாத சமுதாயம், ஒதுக்கப்பட்ட நாற்காலியிலேயே முடங்கிவிடும்.

இரண்டாவது: "உள்ளூர்த் தேர்தல் இனப்பகையை வளர்க்கும்." 2018இல் அன்றைய பிரதமர் மகாதீரும் இத்தகைய அச்சத்தையே காரணமாகக் காட்டினார். நாடாளுமன்றத் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் இதே மக்களிடையே நடக்கின்றன. அங்கே வராத பகை, குப்பை வண்டி எப்போது வரும் என்பதைத் தீர்மானிக்கும் தேர்தலில் மட்டும் எப்படி வரும்? எச்சரிக்கை தேவைதான். அதற்கும் அமெரிக்காவே பாடம். 1965க்குப் பிறகு தென்மாநிலங்களில் சில இடங்களில், வட்டாரத் தொகுதிகளை நீக்கி ஊர் முழுவதையும் ஒரே தொகுதியாக்கினர். சிறுபான்மையினரின் வாக்கு அதில் கரைந்துபோயிற்று. எனவே, தேர்தல் வேண்டும் என்பதோடு, தொகுதிகள் சிறு சிறு வட்டாரங்களாக வேண்டும் என்றும் கேட்பதே அறிவுடைமை. பாலிக் புலாவுக்கெனத் தனி வட்டாரம் இருந்தால் அவ்வூர்க் கால்வாய்க்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார்.

மூன்றாவது: "தேர்ந்தெடுக்கப்பட்ட பழைய மன்றங்களில் முறைகேடு நடந்தது." ஆம், குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளை 1966இல் மாநில அரசே எடுத்துக்கொண்டது. ஆனால், வீட்டில் எலி புகுந்தது என்பதற்காக வீட்டையே கொளுத்துவார் உண்டோ? தவறு செய்தவரை அடுத்த தேர்தலில் நீக்கும் வழி இருந்தது. இன்று அந்த வழியும் இல்லை. நியமனத்தில் முறைகேடே நிகழாது என்று எவரேனும் உறுதியளிப்பரோ?

அமெரிக்கா குறையற்ற நாடு என்று எவரும் மயங்கவேண்டியதில்லை. 2016இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 இலட்சம் வாக்குகள் அதிகம் பெற்ற ஹிலாரி கிளின்டன் தோற்றார். தேர்வாளர் முறையின் விளைவு அது. 2021 ஜனவரி 6ஆம் நாள் தேர்தல் முடிவை ஏற்காத கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. அந்நாட்டின் உள்ளூர்த் தேர்தல்களில் பலர் வாக்களிக்க வருவதில்லை என்பதும் உண்மை. உரிமை இருந்தும் வாக்களிக்க வராதவர், திரும்ப வரலாம். உரிமையே இல்லாதவருக்கு வருவதற்கு இடமேது? இந்தக் குறைகளையும் நிறைகளையும் எடைபோட்டுப் படிப்பதுதான் வாசிப்பு. கைதட்டுவதும் தூற்றுவதும் வாசிப்பாகா.

இனி வரும் ஓராண்டு

இலக்கிய வட்டங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் வாசகர் மன்றங்களும் ஓராண்டு வாசிப்பைத் திட்டமிட்டு நடத்தட்டும். முதல் காலாண்டில் டோக்வில்லின் நூலிலிருந்து சிற்றூர் ஆட்சியைப் பற்றிய பகுதிகள் படிக்கப்படட்டும். இரண்டாம் காலாண்டில், அடிமையாய்ப் பிறந்து எழுத்தைத் திருட்டுத்தனமாகக் கற்று விடுதலை பெற்ற பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறும், செப்டிமா கிளார்க்கின் வாழ்வும் படிக்கப்படட்டும். மூன்றாம் காலாண்டில் ஆதி நாகப்பன் ஆணையத்தின் அறிக்கை இடம்பெறட்டும். ஒரு தமிழர் தலைமையில் உருவான அவ்வறிக்கையின் சாரமேனும் எளிய தமிழில் ஒவ்வொரு வாசகர் கையிலும் இருக்கவேண்டும். கதைக்கும் கவிதைக்கும் போட்டி வைக்கும் அமைப்புகள் ஒரு மொழிபெயர்ப்புக்கும் பொருள் ஒதுக்கலாம். நான்காம் காலாண்டில் 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டமும், மாநிலத்துக்கும் கூட்டரசுக்கும் அதிகாரத்தைப் பிரித்தளிக்கும் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையும் விவாதிக்கப்படட்டும்.

படித்ததன் பயன் செயலில் தெரியவேண்டும். மன்றத்தின் முழுக்கூட்டம் எப்போது, அதில் பொதுமக்கள் பார்வையாளராக அமர இயலுமா, வரவு செலவுக் கணக்கை எங்கே காணலாம் என்று ஒவ்வொரு தமிழ் அமைப்பும் எழுத்து மூலம் கேட்கட்டும். தேர்தல் கேட்டு வரும் ஒவ்வொரு சட்டமன்ற வேட்பாளரிடமும், "உள்ளூராட்சித் தேர்தலை மீட்க உங்கள் கட்சி என்ன செய்யும்?" என்னும் வினாவை முதல் வினாவாக வைக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலையாவது ஒப்புக்கு நடத்தாமல், பிள்ளைகள் பார்த்துக் கற்குமாறு முறையாக நடத்தட்டும். தமிழ் இதழ்கள் வாஷிங்டனுக்கு ஒதுக்கும் பக்கத்தில் நான்கில் ஒரு பங்கை மாநகர் மன்றத்துக்கு ஒதுக்கட்டும்.

2021 டிசம்பர் 15 முதல் மலேசியாவில் 18 வயது நிறைந்தோர் தாமாகவே வாக்காளர் பட்டியலில் இடம்பெறுகின்றனர். அமெரிக்க இளைஞர் 1971இல் பெற்ற உரிமையை மலேசிய இளைஞர் அரை நூற்றாண்டு கழித்துப் பெற்றுள்ளனர். இன்று தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் பிள்ளை இன்னும் ஆறே ஆண்டுகளில் வாக்காளர். அப்பிள்ளைக்கு அமெரிக்க அதிபர்களின் வரிசையைக் கற்பிப்பது எளிது. இணையத்தில் ஒரு நொடியில் கிடைக்கும். தன் ஊருக்கு ஒரு மன்றம் உண்டு, அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தன் பாட்டனாருக்கு இருந்தது, தன் தந்தைக்கு இல்லை, தனக்கு வேண்டும் என்று கேட்கக் கற்பிப்பது கடினம். கடினமான பாடத்தை நடத்துவதற்கே ஆசிரியரும் எழுத்தாளரும் தேவைப்படுகின்றனர். அப்பாடத்தை அவர்கள் இனியும் தள்ளிப்போட்டால், "யாரிடம் சொல்வது?" என்னும் வினாவை அப்பிள்ளையும் தன் முதுமையில் அதே காப்பிக்கடையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்.